கூடு வைத்தும் குருவி வராதது ஏன்? வீட்டுப் பறவைகளும் கையால் செய்த கூடுகளும்

புது டெல்லி: ஆண்டுதோறும் மார்ச் 20ஆம் தேதி உலகச் சிட்டுக்குருவிகள் தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளையொட்டி நாட்டின் பல நகரங்களில் பள்ளிகளும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் மரத்தாலும் மண்ணாலும் சணலாலும் செய்த குருவிக் கூடுகளை வழங்குகின்றன. பெற்றுச் செல்வோர் ஆவலுடன் பால்கனியிலோ மதில் சுவரிலோ அவற்றைத் தொங்கவிடுகின்றனர். சில கூடுகளில் ஓரிரு மாதங்களிலேயே குஞ்சுகளின் குரல் கேட்கிறது. மற்றவை ஆண்டுக்கணக்கில் காலியாகத் தொங்கி, சிலந்தி வலை படர்ந்து, ஏதோ ஒரு பண்டிகைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய பொருட்களுடன் வெளியேறிவிடுகின்றன.

ஒரே அளவு, ஒரே வடிவம் கொண்ட இரு கூடுகளில் ஒன்றில் குருவி குடியேறுவதற்கும் மற்றொன்று காலியாகக் கிடப்பதற்கும் காரணம் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. அருகில் குருவிக் கூட்டம் உண்டா, குஞ்சுக்கு ஊட்டப் புழு கிடைக்குமா, பதுங்கப் புதர் உண்டா என்பவற்றைப் பார்த்த பின்னரே பறவை வாசலை எட்டிப் பார்க்கிறது.

அடைக்கலம் கேட்டு வந்த பறவை

சிட்டுக்குருவிக்குத் தமிழில் அடைக்கலாங்குருவி என்றொரு பெயர் உண்டு. மனிதர் வீட்டில் அடைக்கலம் புகுந்து வாழ்வது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. மலையாளத்தில் அங்ஙாடிக்குருவி என்பார்கள். தானியம் சிந்திக் கிடந்த கடைத்தெருக்களில் அது பெருங்கூட்டமாக வாழ்ந்ததன் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. இந்தி பேசும் மாநிலங்களில் கௌரையா, மராத்தியில் சிம்ணி, குஜராத்தியில் சக்லி எனத் தாலாட்டிலும் குழந்தைக் கதைகளிலும் இடம்பெற்ற பறவை இது.

சிட்டுக்குருவி மரக்கிளையில் கிண்ணம்போல் கூடு முடைவது அரிது. மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் வாசல் கொண்ட பொந்து அதற்குத் தேவை. ஓட்டு வீட்டின் விட்டத்துக்கும் ஓட்டுக்கும் இடையிலான சந்து, மண்சுவர் மாடக்குழி, பரண், சுவரில் சாய்த்து மாட்டிய படத்தின் பின்புறம் ஆகியவை நெடுங்காலம் அந்தத் தேவையை நிறைவேற்றின. கான்கிரீட் தளமும் அலுமினியச் சாளரமும் பூசி மெழுகிய சுவரும் வந்தபோது அந்தச் சந்துகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. அரிசியை முறத்தில் புடைத்து நொய்யை முற்றத்தில் உதறும் வழக்கமும் குறைந்தது. மளிகைக் கடைச் சாக்குகள் இருந்த இடத்தில் ஒட்டிய பொட்டலங்கள் வந்துவிட்டன.

ஆயினும் குருவி எளிதில் தோற்றுவிடும் பறவை அன்று. கடை ஷட்டரின் மேல்பெட்டி, மின் மீட்டர் பெட்டி, குழல்விளக்கின் பின்பகுதி, ரயில் நிலைய இரும்புத் தூண்களின் இடுக்கு எனக் கிடைத்த இடத்தில் எல்லாம் அது புகுந்து கொள்கிறது. பொந்தில் கூடு கட்டும் பறவைகளின் நெருக்கடி எத்தகையது என்பதற்கு 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் நடந்த நிகழ்வைச் சுட்டலாம். தெருவிளக்குகளை இயக்கும் சுவிட்ச் பெட்டிக்குள் சிறு பறவை ஒன்று முட்டையிட்டிருந்தது. குஞ்சுகள் பறந்து செல்லும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, அவ்வூர் மக்கள் தெருவிளக்கை எரியவிடாமல் இருட்டில் நடந்தனர். செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. மின்கம்பிகளுக்கு நடுவே முட்டையிடும் நிலைக்கு ஒரு பறவை ஏன் வந்தது என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

உண்மையிலேயே அழிந்து வருகிறதா?

கூடு வைப்போரில் பலர், சிட்டுக்குருவி இந்தியாவிலிருந்தே மறைந்துகொண்டிருக்கிறது என்ற அச்சத்தில் அதைச் செய்கின்றனர். தரவுகள் கூறுவது சற்று வேறானது.

2020 பிப்ரவரியில் காந்திநகரில் வெளியிடப்பட்ட 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 867 பறவை இனங்களை ஆராய்ந்தது. நாடெங்கிலும் உள்ள 15,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த சுமார் ஒரு கோடிக் குறிப்புகள் அதற்கு அடிப்படையாக அமைந்தன. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், கடந்த 25 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக உள்ளது என்றும், டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய பெருநகரங்களில் அது குறைந்து வந்துள்ளது என்றும் அறிக்கை தெரிவித்தது. கிராமங்களிலும் சிறு ஊர்களிலும் குருவி இருக்கிறது. அதைக் காணவில்லை என்று கவலைப்படுவோர் வாழும் இடங்களில்தான் அது இல்லை.

அதற்கு முன்பே, 2012ஆம் ஆண்டில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் உள்ளிட்ட அமைப்புகள் 'சிட்டிசன் ஸ்பாரோ' என்ற பெயரில் பொதுமக்களிடம் குருவியைப் பற்றிய நினைவுகளையும் தற்போதைய காட்சிகளையும் திரட்டின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் வந்து சேர்ந்தன. முன்பு கண்ட பல இடங்களில் இப்போது குருவி இல்லை என்பதே அவற்றின் பொதுவான செய்தி. அதே 2012இல் டெல்லி அரசு சிட்டுக்குருவியை மாநிலப் பறவையாக அறிவித்தது. பிகாரின் மாநிலப் பறவையும் இதுவே. இந்திய அஞ்சல் துறை 2010 ஜூலையில் புறாவுக்கும் சிட்டுக்குருவிக்கும் தபால்தலை வெளியிட்டது. உலகச் சிட்டுக்குருவிகள் தினம் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். நாசிக்கைச் சேர்ந்த முகமது திலாவர் நிறுவிய 'நேச்சர் ஃபாரெவர் சொசைட்டி' அதை முன்னெடுத்தது.

குருவி குறைந்ததற்குக் கைபேசிக் கோபுரங்களே காரணம் என்ற கருத்து மக்களிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. 2018இல் வெளியான '2.0' திரைப்படம் அந்தக் கருத்தைக் கோடிக்கணக்கானோரிடம் கொண்டு சேர்த்தது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதைப் பற்றி ஆராய 2010இலேயே நிபுணர் குழு அமைத்தது. கோபுரக் கதிர்வீச்சால்தான் குருவிகள் குறைந்தன என்பதற்கு உறுதியான சான்று இதுவரை இல்லை என்பதே பறவையியலாளர்களின் நிலைப்பாடு. இந்த ஒற்றை விளக்கத்தால் ஒரு தீங்கும் நேர்ந்துள்ளது. குற்றவாளி கோபுரம் என்று முடிவு செய்தவர், தம் வீட்டுத் தோட்டத்தில் தெளிக்கும் பூச்சிக்கொல்லியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

குஞ்சு கேட்பது புழுவை

வளர்ந்த சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவை. அதன் அலகும் அதற்கேற்பத் தடித்துக் கூம்பு வடிவில் அமைந்துள்ளது. ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு முதல் சில நாட்களில் தானியம் செரிக்காது. அசுவினி, கம்பளிப்புழு, சிறு வண்டு, சிலந்தி, வெட்டுக்கிளிக் குஞ்சு போன்ற மென்மையான இரையே அதற்கு உணவு. தாயும் தந்தையும் விடியல் முதல் அந்தி வரை கூட்டுக்கும் செடிகளுக்கும் இடையே ஓயாமல் பறப்பது அதற்காகவே. அந்த இரை கூட்டுக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும். தொலைவு கூடக் கூட, ஒரு நாளில் ஊட்டும் தடவைகள் குறையும்.

பிரிட்டனின் லெஸ்டர் நகரில் கேட் வின்சென்ட் என்ற ஆய்வாளர் கூடுபெட்டிகளை வைத்துச் சிட்டுக்குருவிகளைக் கண்காணித்து, 2005இல் தம் முனைவர் பட்ட ஆய்வை நிறைவு செய்தார். பெட்டிகளில் குருவிகள் குடியேறின, முட்டையிட்டன, குஞ்சும் பொரித்தன. ஆனால் அசுவினி போன்ற பூச்சிகள் குறைவாக இருந்த இடங்களில் குஞ்சுகள் எடை குன்றின, பல கூட்டிலேயே இறந்தன. வீடு கிடைத்த பின்னரும் அந்தக் குஞ்சுகள் உயிர் பிழைக்கவில்லை.

இதைத் தொடர்ந்து பிரிட்டனின் பறவைகள் பாதுகாப்புக் கழகம் லண்டனில் ஒரு சோதனை நடத்தியது. குருவிகள் வாழும் சில இடங்களில் இனப்பெருக்கக் காலத்தில் மாவுப்புழுக்களைத் தட்டில் வைத்தனர். குஞ்சுகள் கூடுதலாகப் பிழைத்தன. எனினும் பெரிய குருவிக் கூட்டங்களின் மொத்த எண்ணிக்கை அதனால் உயர்ந்துவிடவில்லை. பூச்சியும் மருந்து என்று எவரும் முடிவு கட்டிவிடாதபடி அந்தச் சோதனை தடுத்தது; நகரத்துக் குருவிக்கு ஒரே நேரத்தில் பல இடர்கள் உள்ளன.

பூச்சிக்கும் குருவிக்கும் உள்ள உறவை மறந்ததன் விலையை 1958இல் தொடங்கிய சீனாவின் 'நான்கு பீடைகள்' இயக்கம் காட்டியது. தானியம் தின்கிறது என்று அங்கு மரச்சிட்டுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றனர். பயிர்ப்பூச்சிகள் பெருகியதைக் கண்டபின், 1960இல் பட்டியலிலிருந்து குருவி நீக்கப்பட்டு மூட்டைப்பூச்சி சேர்க்கப்பட்டது.

ஆகவே, கூடு வைக்க எண்ணும் குடும்பம் முதலில் செய்ய வேண்டியது தச்சரைத் தேடுவதன்று. நான்கைந்து தொட்டிகளில் உள்ளூர்ச் செடிகளை வளர்ப்பதும், இலையில் புழு கண்டவுடன் மருந்துக் குப்பியை எடுக்காமல் இருப்பதும் முதற்படி. மருதாணி, செம்பருத்தி, நந்தியாவட்டை, துளசி போன்றவை போதும். அடர்ந்த வேலியோ புதரோ அருகில் இருந்தால் குருவிக் கூட்டம் பகல் பொழுதில் அங்கே கூடிக் கீச்சிடும்; வல்லூறு தலைக்கு மேல் வந்தால் சட்டெனப் பதுங்கும். வழவழப்பான புல்தரையும் அயல்நாட்டு அழகுச் செடிகளும் மட்டுமே கொண்ட குடியிருப்புகளில் கூடுகள் காலியாகத் தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தப் பறவை வரும், எது வராது

தோட்டத்துக்கு வரும் பறவைகள் எல்லாம் பெட்டிக்குள் குடியேறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புல்புல் எனப்படும் கொண்டைக்குருவி செடிகளின் கிளைப்பிரிவில் திறந்த கிண்ணக்கூடு கட்டும். தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து அதற்குள் முட்டையிடும். தேன்சிட்டு கொடியில் தொங்கும் பைபோன்ற கூட்டை நார்களாலும் சிலந்தி இழைகளாலும் முடையும். இவற்றுக்கு எவ்வளவு அழகிய பெட்டி செய்து வைத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டா. செம்மார்புக் குக்குறுவான் பட்ட மரத்தைத் தானே குடைந்து பொந்து செய்துகொள்ளும். அதற்கு நாம் செய்யக்கூடிய உதவி, காய்ந்த கிளையை வெட்டாமல் விடுவதே.

பெட்டிக்கு வருபவை, பிறர் செய்த பொந்தை நம்பியிருக்கும் பறவைகள்: சிட்டுக்குருவி, மைனா, குண்டுகரிச்சான், மரங்கள் மிகுந்த பகுதிகளில் சாம்பல் நிறப் பட்டாணிக்குருவி, சற்றுப் பெரிய பெட்டியானால் புள்ளி ஆந்தையும் பச்சைக்கிளியும். இவற்றுள் எது வரவேண்டும் என்பதை வாசலின் அளவே பெருமளவு தீர்மானிக்கிறது. 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள வட்ட வாசல் சிட்டுக்குருவிக்குப் பொருந்தும். அதைவிடப் பருத்த மைனாவால் அதில் நுழைய இயலாது. வாசல் 2 அங்குலத்தைத் தொட்டால் மைனா வந்துவிடும்; குருவியின் முட்டைகளை வெளியே தள்ளிவிட்டுக் குடியேறவும் அது தயங்காது. கடைகளில் விற்கும் அழகுக் கூடுகள் பலவற்றில் வாசல் தேவைக்கு மேல் பெரிதாக இருப்பதே அவற்றின் முதன்மையான குறை.

குண்டுகரிச்சானுக்குச் சற்று அகன்ற வாசலோ முன்புறம் பாதி திறந்த பெட்டியோ ஏற்றது. கருப்பும் வெள்ளையுமான இந்தப் பறவையின் விடியற்காலைப் பாட்டுக்காகவே ஒரு பெட்டி வைக்கலாம். சிட்டுக்குருவி வரவே வழியில்லாத நகர்ப்பகுதியில், மரங்கள் மட்டும் இருக்குமானால், குண்டுகரிச்சானுக்கு முயல்வது கூடுதல் பலன் தரும்.

ஒரு பலகை, ஒரு ரம்பம்

இந்தியாவில் பறவைகளுக்கு வீடு அமைக்கும் பழக்கம் புதிதன்று. அகமதாபாத்தின் பழைய 'போள்' குடியிருப்புகளில் மரவேலைப்பாடு மிக்க 'சபூத்ரோ' எனும் பறவை மாடங்கள் இன்றும் தெருநடுவே உயர்ந்து நிற்கின்றன. அதே குஜராத்தின் ராஜ்கோட் மாவட்டத்தில் நவி சாங்க்ளி என்ற சிற்றூரில் ஒரு முதிய விவசாயி சுமார் 2,500 மண்பானைகளை அடுக்கிப் பறவைகளுக்குப் பெருமனையே எழுப்பினார். டெல்லியில் 'கூடு மனிதர்' என்று அறியப்படும் ராகேஷ் கத்ரி மூங்கில் சட்டத்தில் சணலும் புல்லும் சுற்றிய கூடுகளைச் செய்து, பள்ளி மாணவர்களுக்கும் அதைக் கற்பித்து வருகிறார். சென்னையில் 'கூடுகள்' அறக்கட்டளை மாணவர்களைக் கொண்டு சிறிய மரக்கூடுகள் செய்து வருகிறது. நான்கு ஆண்டுகளில் அந்த அமைப்பு 10,000 கூடுகளை உருவாக்கியதைப் பிரதமர் நரேந்திர மோடி 2024 நவம்பர் மாத 'மனதின் குரல்' உரையில் குறிப்பிட்டார்.

வீட்டில் செய்வதற்கு எளியது மரப்பெட்டி. 6 அங்குல அகலமும் முக்கால் அங்குலக் கனமும் கொண்ட ஐந்தடிப் பலகை ஒன்று போதுமானது. பழைய பேக்கிங் பெட்டியின் பலகையே இதற்குப் போதும்; தேக்கு தேவையில்லை. உள்ளே ஏறத்தாழ 5 அங்குலச் சதுரத் தளம், 9 முதல் 10 அங்குல உயரம் இருக்க வேண்டும். வாசலின் அடிவிளிம்புக்கும் தளத்துக்கும் இடையே குறைந்தது 5 அங்குல இடைவெளி இருப்பது மிக முக்கியம். அது குறைந்தால் பூனையின் பாதமும் காகத்தின் அலகும் குஞ்சுகளை எட்டிவிடும். கூரைப்பலகை முன்புறம் 2 அங்குலம் நீண்டு, சற்றுச் சரிந்து இருந்தால் சாரல் உள்ளே போகாது. தளத்தில் நான்கு சிறு துளைகளும், பக்கப் பலகைகளில் கூரையை ஒட்டி இரண்டு காற்றுத் துளைகளும் இடவேண்டும். ஒரு பக்கப் பலகையைக் கீல் வைத்துத் திறக்கும்படி அமைத்தால் பின்னர்ச் சுத்தம் செய்யலாம்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான தவறுகள் அன்பினால் நேர்பவை. வாசலுக்குக் கீழே குச்சி செருகி 'உட்காரும் இடம்' அமைப்பது வழக்கமாகிவிட்டது. குருவிக்கு அது தேவையில்லை; சொரசொரப்பான பலகையைப் பற்றிக்கொண்டே அது நுழையும். அந்தக் குச்சி பயன்படுவது முட்டையைத் தேடிவரும் காகத்துக்குத்தான். குழந்தைகள் சிவப்பும் மஞ்சளுமாகத் தீட்டும் வண்ணம் எதிரிகளின் கண்ணை இழுக்கும். உட்புறம் தீட்டினால் அதன் நெடியும் தீங்காகும். உட்புறத்தை உப்புத்தாள் கொண்டு வழவழப்பாக்குவதும் தவறு. குஞ்சுகள் நகத்தால் பற்றி வாசலுக்கு ஏற வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவையும் தகரப் பெட்டியையும் அறவே தவிர்க்க வேண்டும். மே மாத நண்பகலில் அவை அடுப்பாகிவிடும்.

மண்கலயத்தில் வாசல் வைத்துச் செய்யும் கூடு வெயிலைத் தாங்கும். ஆனால் அதைக் கயிற்றில் ஊசலாட விடாமல் சுவரோடு பொருத்த வேண்டும். காலணி அட்டைப்பெட்டியும் ஒரு பருவத்துக்குத் தாங்கும், அது மழை படாத சன்ஷேடின் கீழ் இருந்தால். கைவசம் தச்சுக்கருவி இல்லாத வீடுகளில் அதுவே நல்ல தொடக்கம்.

எங்கே, எப்போது

தரையிலிருந்து எட்டடிக்கு மேல், நண்பகல் வெயிலும் மழைச்சாரலும் நேரடியாகத் தாக்காத சுவரில், வாசல் கிழக்கையோ வடக்கையோ நோக்கியிருக்கும்படி பெட்டியைத் திருகாணியால் உறுதியாகப் பொருத்த வேண்டும். காற்றில் ஆடும் கூட்டைக் குருவி நம்புவதில்லை. அருகில் பூனை ஏறும் மதிலோ அணில் தாவும் கிளையோ இருக்கக்கூடாது. அறைக்குள் வரும் குருவிகளுக்கு மின்விசிறி பெரும் ஆபத்து என்பதால், கூட்டை வீட்டுக்கு வெளியே வைப்பதே முறை.

சிட்டுக்குருவி கூட்டமாக வாழும் பறவை. தனித்து ஒரு பெட்டி வைப்பதைவிட, ஓரிரு அடி இடைவெளியில் இரண்டு மூன்று பெட்டிகளை ஒரே சுவரில் வைப்பது நல்லது. குருவி பிறந்த இடத்தை விட்டு நெடுந்தொலைவு செல்லாது. எனவே சில தெருக்கள் சுற்றளவில் குருவிக் கூட்டமே இல்லாத இடத்தில் பெட்டி வைத்துக் காத்திருப்பது பெரும்பாலும் வீண். நடைப்பயிற்சியின்போது எந்தத் தேநீர்க் கடை, எந்த ரேஷன் கடை வாசலில் குருவி கொத்துகிறது என்று கவனித்தால் நிலைமை விளங்கிவிடும்.

வட இந்தியச் சமவெளியில் மார்ச் மாதத்திலேயே குருவிகள் கூடு கட்டத் தொடங்கிவிடுகின்றன. அந்த வகையில், மார்ச் 20 அன்று கூடு வழங்குவது சற்றே தாமதம். டிசம்பர், ஜனவரியில் பெட்டியை வைத்தால் புதுமரத்தின் வாசம் போய், பறவைகளுக்கு அது பழகிவிடும். முதல் ஆண்டு வராமல் இரண்டாம் ஆண்டு வருவதும் உண்டு.

வாசலில் நடக்கும் நாடகம்

முதலில் வருவது பெரும்பாலும் ஆண். தொண்டையிலும் மார்பிலும் கரும்பட்டை கொண்ட அது வாசலருகே அமர்ந்து, இறக்கையைத் தாழ்த்தி வாலை உயர்த்தி, இடைவிடாமல் ஒரே சொல்லைச் சொல்லும். பொந்து என்னுடையது என்ற அறிவிப்பும் பெண்ணுக்கான அழைப்பும் அதுவே. பழுப்பு நிறப் பெண்குருவி உள்ளே போய்ப் பார்த்து, வெளியே வந்து, மறுபடி உள்ளே போகும். அது சம்மதித்த பிறகு புல், வைக்கோல், பஞ்சு, கோழி இறகு, துடைப்பக் குச்சி என எல்லாம் உள்ளே போகும். பட்டம் விடும் நைலான் நூலும் போகும். அது குஞ்சின் காலில் சுற்றி உயிரை வாங்கக்கூடியது என்பதால் தோட்டத்தில் கிடக்கும் நூல்துண்டுகளைப் பொறுக்கிவிட வேண்டும்.

கூட்டுக்குள் பச்சை வேப்பிலையைக் குருவிகள் கொண்டு வந்து வைப்பதும் உண்டு. அந்த இலை கூட்டிலுள்ள உண்ணிகளைக் கட்டுப்படுத்த உதவக்கூடும் என்ற இந்திய ஆய்வாளர் ஒருவரின் குறிப்பு, ஆஸ்திரேலியாவின் 'எமு' என்ற பறவையியல் இதழில் 1981இல் வெளியானது. வாசலில் வேப்பிலை கட்டும் வழக்கமுள்ள நாட்டில் அதைப் படித்து வியப்போர் குறைவாகவே இருப்பர்.

வழக்கமாக மூன்று முதல் ஐந்து முட்டைகள். இரு பறவைகளும் மாறி மாறி அடைகாக்க, சுமார் 11 முதல் 14 நாட்களில் குஞ்சு பொரியும். அதன் பிறகு கூட்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி எழும். நாளுக்கு நாள் அது உரத்து, பெற்றோர் வாசலை நெருங்கும்போது கூச்சலாகவே மாறும். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் குஞ்சுகள் வாசலில் தலை நீட்டத் தொடங்கும். சாளரத் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்து பார்ப்போருக்கு அந்த நாட்கள் நன்றாகவே கழியும். பெட்டியைத் திறந்து பார்ப்பதும், கைபேசியை வாசலுக்குள் நுழைத்துப் படம் எடுப்பதும் பெற்றோரை விரட்டிவிடலாம். பத்தடி தொலைவே போதுமான நெருக்கம்.

தானியத் தட்டும் புறாவும்

குருவிக்கென வைக்கும் கம்பும் தினையும் முதலில் ஈர்ப்பது புறாவையே. 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கையின்படி மாடப்புறாக்களின் எண்ணிக்கை பெருகி வருகிறது. மும்பையில் புறாக்களுக்கு உணவிடும் இடங்களைப் பற்றிய சர்ச்சை 2025இல் உயர் நீதிமன்றம் வரை சென்றது; தாதர் 'கபூதர்கானா' தார்ப்பாய் கொண்டு மூடப்பட்டது. புறா எச்சத்தால் நுரையீரல் பாதிப்பு ஏற்படக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். எனவே கைப்பிடி அளவு தானியத்தை, புறா நுழைய முடியாத கம்பிக் கூண்டு போன்ற அமைப்புக்குள் வைப்பது நல்லது. அது இயலாவிடில் தானியத்தைக் கைவிட்டு, தண்ணீர் மட்டும் வைக்கலாம்.

தண்ணீரே இந்தியக் கோடையில் பெரிய கொடை. ஓர் அங்குல ஆழமுள்ள மண்தட்டு, நடுவில் ஒரு கல், தினமும் மாற்றிய நீர். கொசு முட்டையிடாமல் இருக்கவும் நோய் பரவாமல் இருக்கவும் அன்றாடம் கழுவ வேண்டும். தோட்டத்தின் ஒரு மூலையில் ஈரமில்லாத புழுதியை விட்டு வைத்தால், குருவிகள் அதில் புரண்டு மண்குளியல் செய்வதையும் காணலாம்.

இப்படிப் பார்ப்பவற்றைக் குறித்து வைக்கவும் வழி உண்டு. அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய 'வீட்டுத் தோட்டப் பறவைகள் கணக்கெடுப்பு' 2013 முதல் இந்தியாவிலும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாட்கள் நடைபெறுகிறது. 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி 'இ-பேர்ட்' தளத்தில் பதிந்தால் போதும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டியும் இத்தகைய கணக்கெடுப்பு நடக்கிறது. 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கைக்கான தரவுகளில் பெரும்பகுதி இவ்வாறு சாதாரண மக்கள் பதிந்தவையே. குருவி இல்லை என்ற பதிவும் இருக்கிறது என்ற பதிவுக்கு இணையான மதிப்புடையது.

குஞ்சு கீழே விழுந்தால்

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் பறக்கப் பழகுகிறது. பெற்றோர் அருகில்தான் இருப்பர். பூனையும் நாயும் எட்டாத புதரின் மேல் எடுத்து வைத்துவிட்டு விலகினால் போதும். இறகு முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால் மெதுவாக எடுத்துக் கூட்டிலேயே விட வேண்டும். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஏற்காது என்பது பரவலான நம்பிக்கை மட்டுமே. பெரும்பாலான பறவைகள் அப்படி ஒதுக்குவதில்லை. பாலும் சோறும் ஊட்டி வளர்க்க முயல்வது அதன் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

குஞ்சுகள் எல்லாம் பறந்த பின் ஓரிரு நாட்கள் கூட்டைக் கவனித்து, உள்ளே எவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து பழைய கூளத்தை நீக்க வேண்டும். கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தால் உண்ணிகள் ஒழியும். வேதிமருந்து எதுவும் வேண்டாம். இந்த வேலையைத் தள்ளிப்போடாமல் முடிப்பது நல்லது: அதே சோடி அடுத்த ஈட்டுக்கு அதே பெட்டிக்கே திரும்பி வரக்கூடும், ஒரே ஆண்டில் இரண்டு மூன்று முறை குஞ்சு பொரிப்பது சிட்டுக்குருவிக்கு வழக்கம்தான்.